ஒரு லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்!

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருப்பது புதுமை அல்ல. முன்கட்டில் ஒரு குடும்பம், பின்கட்டில் ஒரு குடும்பம். வாசல் ஒன்று. கிணறு பொது. அடுப்பு மட்டும் தனித்தனி.

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் இப்படி இரண்டு குடித்தனம் இருக்க முடியுமா?

முடியும்! தமிழ்நாட்டில் பல லட்சம் வீடுகளில் அது நடந்தும் இருக்கிறது. சிலர் அதை அறிந்து பயன் அடைந்தார்கள். சிலர் அறியாமல் கை வைத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அந்த விவரம் இதுதான்.

களஞ்சிய ஊர்

கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் இருக்கும் ஊர் கொட்டாரம். அகஸ்தீஸ்வரம் தாலுகாவைச் சேர்ந்தது. மலையாளத்தில் 'கொட்டாரம்' என்றால் அரண்மனை. தமிழில் அந்தச் சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்ற பொருளும் உண்டு. நெல் விளையும் நாஞ்சில் நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பத்தாயம் இருக்கும். நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி அது. பெட்டி ஒன்றுதான். ஆனால் உள்ளே பலகை வைத்து அறை அறையாகத் தடுத்துக் கொள்வார்கள். கன்னிப்பூ நெல் ஓர் அறையில். கும்பப்பூ நெல் ஓர் அறையில். விதை நெல் தனி அறையில்.

ஏன் தடுக்க வேண்டும்? ஒன்றாகக் கொட்டினால் எது விதை, எது சாப்பாட்டு நெல் என்று தெரியாமல் போய்விடும் அல்லவா?

லேப்டாப்புக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்கும் ஒரு பத்தாயம்தான். அதில் நெல்லுக்குப் பதில் படங்கள், பாடங்கள், கடிதங்கள், கணக்குகள் இருக்கின்றன. அதற்குள் போடும் தடுப்புக்குப் 'பார்ட்டிஷன்' என்று பெயர். பாகப்பிரிவினை என்று சொன்னாலும் தவறில்லை.

பாகப்பிரிவினை நாஞ்சில் நாட்டாருக்குத் தெரியாத சங்கதி அல்ல. மருமக்கள் வழியாகச் சொத்து போன காலத்தில் இங்கே குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று நூலாகவே எழுதி வைத்தார். பிறகு கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல், திருவிதாங்கூர் அரசாங்கம் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டு வந்தது. பாகம் பிரிப்பதற்கு வழி பிறந்தது.

நிலத்தைப் பிரிப்பதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டுமோ, அவ்வளவு ஜாக்கிரதை ஹார்டு டிஸ்கைப் பிரிப்பதிலும் வேண்டும்.

அரசாங்கம் கொடுத்த பெட்டி

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அண்ணா பிறந்த நாள். அன்றுதான் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அப்போது முதல்-அமைச்சர் ஜெயலலிதா. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ-மாணவிகள் அதைப் பெற்றார்கள். பெட்டிகளை வாங்கிக் கொடுத்தது அரசாங்கத்தின் எல்காட் நிறுவனம். சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு கேள்வி வரும். "விண்டோஸ் வேண்டுமா? பாஸ் லினக்ஸ் வேண்டுமா?"

இதைப் பார்த்துத் திகைத்த மாணவர்கள் உண்டு. 'பாஸ்' என்றால் என்ன?

பெட்டி இயங்குவதற்கு ஒரு நிர்வாகி வேண்டும். திரையில் படம் காட்டுவது, தட்டச்சுப் பலகையைக் கவனிப்பது, கோப்புகளை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்த நிர்வாகியின் வேலை. அதைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம், இயங்குதளம் என்கிறார்கள்.

விண்டோஸ் என்பது அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனியின் இயங்குதளம். விலை கொடுத்து உரிமம் வாங்க வேண்டும்.

லினக்ஸ் அப்படி அல்ல. 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் அதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21! பிறகு உலகம் முழுவதிலும் உள்ள பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். யாரும் எடுத்துக் கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

அந்த லினக்ஸை வைத்து இந்திய அரசாங்கத்தின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதுதான் 'பாஸ்'. தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கு இடம் தரும் இயங்குதளம் அது.

ஆக, ஒரே பெட்டி. ஒரே ஹார்டு டிஸ்க். நடுவே தடுப்பு. ஒரு பக்கம் விண்டோஸ். மறு பக்கம் பாஸ். பொத்தானை அழுத்தும்போது யார் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அவர் வந்து வேலை செய்வார். மற்றவர் தம் அறையில் தூங்குவார். ஒரே நேரத்தில் இருவரும் எழுந்து வருவதில்லை. ஆகவே சண்டைக்கு இடமில்லை!

எல்லைக்கல் எங்கே?

ஹார்டு டிஸ்குக்குள் உண்மையாகவே ஒரு சுவர் இருக்கிறதா? இல்லை!

பழைய லேப்டாப்பில் உள்ள ஹார்டு டிஸ்கில் பளபளப்பான வட்டத் தகடு சுழல்கிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்பது வழக்கமான வேகம். அந்தத் தகட்டை யாரும் வெட்டுவதில்லை. கோடு போடுவதும் இல்லை. தடுப்பு என்பது வெறும் எழுத்துதான்.

நிலத்தைப் பாருங்கள். வயல் ஒன்றாகக் கிடக்கிறது. ஆனால் இது அண்ணன் பங்கு, இது தம்பி பங்கு என்று பத்திரம் சொல்கிறது. அந்தப் பத்திரம் போன்ற ஒரு பட்டியல் டிஸ்கின் முதல் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். "முதல் பங்கு இங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம். இரண்டாம் பங்கு அங்கே தொடங்குகிறது, இவ்வளவு நீளம்." அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் எவ்வளவு பெரியது தெரியுமா? வெறும் 64 பைட்! தமிழில் 'கன்னியாகுமரி' என்ற பெயரை இரண்டு முறை எழுதக்கூட அந்த இடம் போதாது. அதற்கு 72 பைட் வேண்டும். இந்தச் சின்னஞ்சிறு இடத்தில்தான் டிஸ்க் முழுவதன் தலையெழுத்தும் இருக்கிறது.

1983-ல் ஐ.பி.எம். கம்பெனி 10 எம்.பி. டிஸ்க் வைத்த ஒரு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்காக ஏற்பட்ட முறை இது. இதில் நான்கு பங்குக்கு மேல் எழுத முடியாது. ஐந்தாவது வேண்டும் என்றால், ஒரு பங்கை 'விரிவுப் பங்கு' என்று வைத்து, அதற்குள் உள் பங்கு பிரிக்க வேண்டும். 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்கையும் இந்த முறையால் முழுதாக ஆள முடியாது.

இப்போது வரும் பெட்டிகளில் ஜி.பி.டி. என்ற புதிய முறை இருக்கிறது. வழக்கமாக 128 பங்கு வரை எழுதலாம். இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. பட்டியலின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் எழுதி வைக்கப்படுகிறது. பத்திரத்துக்கு நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது போல!

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம் இருக்கிறது.

அந்த விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. பீரோவுக்கு மேலே ஒன்று. பரணில் ஒன்று. "ரொம்ப மெதுவாக ஓடுகிறது" என்று ஒதுக்கி வைத்தவை அவை.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ந் தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் 4 ஜி.பி. நினைவகம் வேண்டும், 64 ஜி.பி. இடம் வேண்டும்; டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய பெட்டிக்கு அது எட்டாக்கனி.

புதிய லேப்டாப் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். தமிழ்நாடு அரசாங்கம் 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி கொடுப்பதாக அறிவித்தது. ஆனால் கல்லூரி முடித்துவிட்டவர்கள் என்ன செய்வது? பள்ளியில் படிக்கும் தம்பி, தங்கைகள் என்ன செய்வது?

பழைய பெட்டியில் இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அது மீண்டும் நடமாடும். 'லினக்ஸ் மின்ட்' என்ற வகைக்கு 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. இடமும் இருந்தால் குறைந்தபட்சம் போதும். நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கினால் இன்னும் சௌகரியம்.

"அப்படியானால் விண்டோஸை அடியோடு எடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் பழைய பிரிண்டர், பழைய கணக்கு மென்பொருள், பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் என்று விண்டோஸில் மட்டும் நடக்கும் வேலைகள் சில வீடுகளில் இருக்கும். அவற்றுக்காக விண்டோஸை இன்டர்நெட்டில் சேர்க்காமல் ஓர் அறையில் வைத்துக் கொள்ளலாம். இன்டர்நெட் வேலைகளை லினக்ஸ் பார்த்துக் கொள்ளும்.

ஒரு நொடியில் போனது

ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக் கொள்வோம்.

அக்கா பிளஸ்-2 படித்தபோது வாங்கிய லேப்டாப் அது. அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணப் படங்கள், இறந்துபோன பாட்டியின் படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தம்பி கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். பெட்டியைத் துடைத்து எடுத்து, புதிதாக லினக்ஸ் போட உட்காருகிறான். திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் வருகின்றன. ஒன்று, 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பது. இன்னொன்று, 'டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு' என்பது. அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிடுகிறான்.

அரை மணி நேரத்தில் புதிய திரை அழகாக வருகிறது. அப்பா பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

"மக்ளே, பாட்டி படத்தைக் கொஞ்சம் காட்டு."

அவன் தேடுகிறான். இல்லை. மறுபடியும் தேடுகிறான். இல்லை.

"அப்பா... எல்லாம் அழிஞ்சு போச்சுப்பா."

புதிய பெட்டியைக் கடையில் வாங்கலாம். பாட்டியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

பிரிக்கும் முறை

இந்தத் துயரம் வராமல் இருக்க, வரிசை மாறாமல் செய்ய வேண்டிய காரியங்கள் இவை:

1. முதலில் நகல். முக்கியமான எல்லாவற்றையும் வேறு ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ எடுத்துக் கொள்ள வேண்டும். எடுத்த நகல் வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதே டிஸ்கின் இன்னொரு பங்கில் எடுத்து வைப்பது நகல் ஆகாது. டிஸ்க் கெட்டால் இரண்டும் சேர்ந்துதான் போகும்!

2. சார்ஜரை மாட்ட வேண்டும். பங்கின் அளவை மாற்றும்போது உள்ளே இருக்கும் கோப்புகள் இடம் மாறக்கூடும். பாதியில் கரண்ட் நின்றால் ஆபத்து. பழைய பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

3. விண்டோஸைச் சுருக்க வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற கருவி இருக்கிறது. அதில் சி பங்கைச் சுருக்கினால் காலி இடம் பிரிந்து வரும். சில சமயம் கேட்ட அளவுக்குச் சுருங்காது. அசைக்க முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். வயலின் நடுவே கிணறு இருந்தால் நினைத்த இடத்தில் வரப்பு போட முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

4. புதிய பெட்டியானால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு உண்டு. பெட்டியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காது. அதை நிறுத்திவிட வேண்டும். 'பிட்லாக்கர்' என்ற பூட்டு போட்டிருந்தால், அதன் 48 இலக்கச் சாவி எண்ணை முன்னதாகவே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

5. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம். மாடு வாங்கும் முன் ஏர் பூட்டிப் பார்ப்பது போல!

6. நிறுவும்போது 'பக்கத்தில் நிறுவு' என்ற வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். 'அழித்துவிட்டு' என்ற சொல் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

இரண்டையும் புதிதாகப் போடுவதானால் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. காரணம், விண்டோஸ் தன்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகக் காட்டிக் கொள்ளாது. லினக்ஸ் அப்படி அல்ல. 'கிரப்' என்ற வாசல் காவலனை அது வைத்துக் கொள்கிறது. பொத்தானை அழுத்தியதும் "யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்பது அந்தக் காவலன்தான்.

யாருக்கு எவ்வளவு?

320 ஜி.பி. டிஸ்க் என்று சொல்லி விற்கிறார்கள். விண்டோஸில் பார்த்தால் 298 ஜி.பி. என்றுதான் காட்டும். "22 ஜி.பி. எங்கே போயிற்று?" என்று பலர் திகைக்கிறார்கள்.

எங்கும் போகவில்லை. டிஸ்க் கம்பெனிக்கு ஒரு ஜி.பி. என்றால் 100 கோடி பைட். விண்டோஸுக்கு ஒரு ஜி.பி. என்றால் 107 கோடியே 37 லட்சத்துக்கும் மேல். மரக்கால் பெரிதானால் நெல் குறைந்ததாகத் தெரியும். நெல் என்னவோ அதே நெல்தான்!

அந்த 298-ஐ இப்படிப் பிரிக்கலாம்: விண்டோஸுக்கு 120. லினக்ஸுக்கு 40. நினைவகம் போதாதபோது உதவும் 'ஸ்வாப்' இடத்துக்கு 4. மீதி 134 பொதுப் பங்கு.

பொதுப் பங்கு எதற்கு? படமும் பாடமும் வைப்பதற்கு. அதை 'என்.டி.எப்.எஸ்.' என்ற முறையில் அமைக்க வேண்டும். விண்டோஸும் அதைப் படிக்கும், லினக்ஸும் படிக்கும். லினக்ஸின் சொந்த முறையான 'எக்ஸ்ட் 4'-ல் வைத்தால் விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. "இந்தப் பங்கு சரியில்லை, பார்மட் செய்யலாமா?" என்றுகூடக் கேட்கும். அப்போது 'சரி' என்று சொல்லிவிடக் கூடாது! சொன்னால் லினக்ஸ் குடித்தனம் காலி.

பொதுப் பங்கினால் இன்னொரு லாபம் உண்டு. விண்டோஸ் கெட்டு மறுபடியும் போட நேர்ந்தாலும், அதன் அறையை மட்டும் கழுவிவிட்டால் போதும். விதை நெல் தன் அறையில் பத்திரமாக இருக்கும்.

தவறு நடந்துவிட்டால்?

விலையில்லா மடிக்கணினி வந்த காலத்தில், "பாஸ் எதற்கு? இடம்தான் வீண்" என்று அதன் பங்கை விண்டோஸிலிருந்தே அழித்தவர்கள் உண்டு. மறுநாள் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொற்கள்தான் வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று பயந்து போவார்கள்.

பெட்டி கெடவில்லை. வாசல் காவலன் குடியிருந்த அறையை இடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் தன் அறையில் பத்திரமாகவே இருக்கும். விண்டோஸ் நிறுவும் டிஸ்கைப் போட்டுத் துவக்கப் பகுதியைப் பழுது பார்த்தால் மறுபடியும் எழுந்து வரும்.

பங்கையே தவறாக அழித்துவிட்டால்? உடனே பெட்டியை அணைத்துவிட வேண்டும். அதில் புதிதாக ஒன்றையும் எழுதக் கூடாது. அழிந்தது பத்திரம்தான், நிலம் அங்கேயே கிடக்கிறது. 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவசக் கருவி, டிஸ்கைத் தடவிப் பார்த்துப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துப் பட்டியலை மறுபடியும் எழுதித் தரும். ஆனால் அதே இடத்தில் புதிய கோப்புகள் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பகுதி திரும்ப வராது. புதிய பெட்டிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. வகை டிஸ்கில், அழித்த இடத்தை டிஸ்கே துடைத்துவிடுவதும் உண்டு. அதில் மீட்பது மிகவும் கடினம்.

ஆகவே, நம்பத் தகுந்த ஒரே மருந்து முன்னதாக எடுத்து வைத்த நகல்தான்.

பீரோவுக்கு மேலே ஒரு பழைய லேப்டாப் கிடந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடையுங்கள். முதலில் பென் டிரைவை எடுங்கள். படங்களை எல்லாம் நகல் எடுத்து, இன்னொரு பெட்டியில் திறந்து பாருங்கள். அதன் பிறகு பாகம் பிரியுங்கள்.

பரணில் தூங்கிய பெட்டி ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும். பாட்டியின் படமும் பத்திரமாக இருக்கும்!